வீட்டுக்குள்ளே: முதலில் கைப்பிடிக் கம்பி, அப்புறம் ஃபால்ஸ் சீலிங்

கேள்வி: 950 சதுர அடியில் இரண்டு பெட்ரூம் ஃபிளாட் வாங்கியிருக்கிறோம். மாமனாருக்கு 81 வயது, காது மந்தம். மாமியாருக்கு 76, முழங்கால் வலி. மகள் பிளஸ் டூ, மகன் ஆறாம் வகுப்பு. உள்வேலைக்கு 4 லட்சம்தான் ஒதுக்க முடியும். வேலை எடுத்திருப்பவர் ஹாலுக்கு ஃபால்ஸ் சீலிங், எல் வடிவ சோபா, சுவர் முழுக்க டிவி யூனிட் என்று வரைந்து கொடுத்திருக்கிறார். அதிலேயே 3 லட்சம் போய்விடும் போலிருக்கிறது. என்ன செய்யலாம்?
— ஒரு வாசகி, திருச்சி

பதில்: அந்த வரைபடத்தை மடித்து வைத்துவிட்டு ஒரு நோட்டை எடுங்கள். காலை 4 மணியிலிருந்து ராத்திரி 11 வரை, எந்த நேரத்தில் யார் எங்கே இருப்பார்கள் என்று எழுதுங்கள். எந்த வீட்டுக்குப் போனாலும் டேப்பை எடுப்பதற்கு முன்னால் நான் கேட்பது இதைத்தான். உங்கள் வீட்டில் ராத்திரி 8 மணிதான் தகராறு நேரம் என்று இங்கிருந்தே தெரிகிறது. தாத்தாவுக்கு டிவி சத்தமாக வேண்டும், பேத்திக்குப் படிக்க வேண்டும். ஃபால்ஸ் சீலிங் போட்டு இதைத் தீர்க்க முடியாது.

அட்டாச்டு பாத்ரூம் உள்ள அறை பெரியவர்களுக்கு. இதில் பேச்சே இல்லை. (உங்கள் கணவர் முகம் கொஞ்சம் மாறும். மாறட்டும்.) மகளுக்கு உங்கள் அறையில் ஜன்னல் ஓரமாகச் சுவரோடு மடிகிற மேஜை. ராத்திரி 10 வரை அந்த அறை அவளுடையது, நீங்கள் இருவரும் ஹாலில். டிவி ஹாலிலேயே இருக்கட்டும். பெரியவர் அறைக்குள் கொண்டுபோய் வைத்தால் அவர் வெளியே வருவதே நின்றுவிடும், பல வீடுகளில் பார்த்துவிட்டேன். காதில் மாட்டும் வயர்லெஸ் ஹெட்ஃபோன் ஒன்று வாங்கிக் கொடுங்கள். முதல் வாரம் முனகுவார், அப்புறம் கழற்ற மாட்டார்.

இனி பாத்ரூம். உங்கள் பணம் முதலில் போக வேண்டிய இடம் இதுதான். என் வீட்டுக் கதையைச் சொல்கிறேன். குளித்துவிட்டு ஸ்டூலிலிருந்து எழுந்த என் மாமியார், கைக்கு எட்டிய டவல் கம்பியைப் பிடித்தார். சுவரில் திருகைப் பிடிக்கிற பிளாஸ்டிக் பிளக்கோடு கம்பி கையில் வந்துவிட்டது. மணிக்கட்டு முறிந்து ஆறு வாரம் மாவுக்கட்டு. ஊருக்கெல்லாம் வீடு வடிவமைத்துக் கொடுக்கிற மருமகள் வீட்டில்! அவர் ஒரு வார்த்தை திட்டவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும், அந்தக் கம்பியை எடுத்து நான் வரைகிற மேஜை மேல் வைத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டார்.

ஆகவே டவல் கம்பி வேறு, கைப்பிடிக் கம்பி வேறு. ஒன்றேகால் அங்குலக் கனத்தில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பி, தரையிலிருந்து 33 முதல் 36 அங்குல உயரத்தில், டாய்லெட் பக்கம் ஒன்று, குளிக்கிற இடத்தில் ஒன்று. சுவர் செங்கல்லா, எடை குறைந்த பிளாக்கா என்று தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். பிளாக் என்றால் சாதாரண பிளக் நிற்காது, கெமிக்கல் ஆங்கர், அதாவது துளைக்குள் பசை விட்டு இறுக்குகிற போல்ட், போட வேண்டும். போட்டு முடித்ததும் பிளம்பர் கிளம்புவதற்கு முன்னாலேயே நீங்கள் அதில் தொங்கிப் பாருங்கள். அவர் சிரித்தால் சிரிக்கட்டும்.

பாத்ரூம் கதவு உள்பக்கம் திறக்கிறதா? வெளிப்பக்கம் திறக்கும்படி மாற்றுங்கள். உள்ளே யாராவது விழுந்து கதவை அடைத்துக்கொண்டு கிடந்தால் தள்ளித் திறக்க முடியாது. தாழ்ப்பாளும் வெளியிலிருந்து திறக்கக்கூடியதாக இருக்கட்டும். தரை பளபளவென்றிருந்தால் சொரசொரப்பான சின்ன டைல்ஸாக மாற்றிவிடுங்கள். இணைப்புக் கோடு அதிகமாக இருந்தால் காலுக்குப் பிடிமானமும் அதிகம்.

சோபாவுக்கு வருவோம். உட்கார்ந்தால் அமுங்குகிற தாழ்வான சோபாவில் உங்கள் மாமியார் உட்காருவார், எழுந்திருக்க இரண்டு பேர் வேண்டும். அப்புறம் உட்காரவே மாட்டார், அறையிலேயே இருந்துவிடுவார். 18 அங்குல உயரத்தில் கை வைத்த மர நாற்காலி இரண்டு போதும். கட்டிலும் மெத்தையோடு சேர்த்து ஏறக்குறைய அதே உயரம். கட்டிலிலிருந்து பாத்ரூம் வரை தரையோரமாக ஒரு சின்ன விளக்கு, தலைமாட்டில் டூ வே சுவிட்ச், இரண்டு இடத்திலிருந்தும் போட்டு அணைக்கலாம்.

மிச்சப் பணத்தில் அலமாரி செய்யுங்கள். பணம் மீந்தால் ஃபால்ஸ் சீலிங் பற்றி எனக்கு மறுபடி எழுதுங்கள்.

கேள்வி: அம்மா முட்டை வாசனை கூட ஆகாதவர். நானும் மனைவியும் சாப்பிடுவோம். பால்கனியில் சின்னதாக இன்னொரு அடுப்பு வைக்க நினைக்கிறோம். வீட்டில் இரண்டு அடுப்பு எரிந்தால் குடும்பம் பிரிந்துவிட்டதாக ஊர் பேசாதா?
— ஒரு வாசகர், கோயம்புத்தூர்

பதில்: காரைக்குடிப் பக்கம் நகரத்தார் வீடுகளில் மகனுக்குக் கல்யாணமானதும் 'வேறு வைப்பது' என்று ஒரு வழக்கம் உண்டு. பாத்திரம் பண்டம், மளிகை சாமான் எல்லாம் கொடுத்துத் தனிச் சமையல். ஆனால் வீடு அதே வீடுதான். வளவை, அதாவது வீட்டின் நடு முற்றத்தை, சுற்றி ஆளுக்கொரு அறை, நல்லது கெட்டதுக்கு எல்லோரும் ஒரே பந்தி. அத்தனை பெரிய வீடுகளைக் கட்டி அத்தனை பேரும் சேர்ந்து இருந்ததில் இந்தத் தனி அடுப்புக்கும் பங்குண்டு என்பது என் கணிப்பு. ஊர் பேசினால் இதைச் சொல்லுங்கள்.

வேலையைப் பொறுத்தவரை, பால்கனிக்கு காஸ் வேண்டாம், இண்டக்‌ஷன் அடுப்பு போதும். அது 2,000 வாட் வரை இழுக்கும், ஆகவே 16 ஆம்பியர் பிளக் பாயிண்ட் தனி வயரில் இழுக்கச் சொல்லுங்கள். சாரல் அடிக்காத மூலையாக இருக்கட்டும். முட்டைச் சட்டியைக் கழுவ அங்கேயே ஒரு சின்ன சிங்க் வைக்காவிட்டால் இத்தனையும் வீண். சட்டி அம்மாவின் சிங்க்குக்குத்தான் வரும்.

கேள்வி: அப்பாவின் பழைய ஈஸி சேர் புது ஹாலுக்குப் பொருந்தவே இல்லை. எடுத்துவிடலாமா?
— ஒரு வாசகி, மதுரை

பதில்: அவர் தினமும் அதில் உட்காருகிறாரா? அப்படியென்றால் ஹாலைத்தான் மாற்ற வேண்டும். துணியை மட்டும் புதிதாகப் போடுங்கள். சட்டத்துக்கு வார்னிஷ் அடிப்பதாக இருந்தால், வாடை போகிற வரை அவர் எங்கே உட்கார்ந்து பேப்பர் படிப்பார் என்று முடிவு செய்துவிட்டு ஆசாரியைக் கூப்பிடுங்கள்.