புல்தரையும் மர நிழலும்: கேள்வி பதில்

கோல்ஃப் மைதானங்களில் பல வருஷம் புல் பார்த்துவிட்டு இப்போது தேவகோட்டையில் இருக்கிறேன். வந்த கேள்விகளுக்கு என் பதில்கள்.

கே: கானாடுகாத்தானில் பழைய வீட்டை விருந்தினர் விடுதியாக நடத்துகிறோம். வேப்பமரத்தடியில் மூன்று தடவை புல் வைத்தும் கருகிப்போகிறது. என்ன உரம் போடலாம்?

ப: ஆச்சி, குறை உரத்தில் இல்லை, வெயிலில்தான். லானுக்கு வைக்கும் பெர்முடா நம்ம அருகம்புல் சாதி. தினம் ஆறேழு மணி நேரம் நேர் வெயில் பட்டால்தான் அடர்ந்து வரும். காலை எட்டு மணியிலிருந்து இரண்டு மணிக்கு ஒருமுறை நிழல் விளிம்பில் கோலமாவு போட்டு வாருங்கள். இதை மார்கழியில் ஒருநாள், சித்திரையில் ஒருநாள் செய்யவேண்டும். மார்கழி வெயில் தெற்கே சாய்ந்து வருவதால் தெற்குப் பக்கத்து மரத்தின் நிழல் நீண்டு விழும். சித்திரையில் சூரியன் நேர் உச்சிக்கு வந்துவிடும். எந்தக் கிளை மறைக்கிறது என்று கோடே காட்டிக்கொடுக்கும். தாழ்ந்த கிளைகளைக் கழித்துப் பாருங்கள். அப்படியும் வெயில் போதாவிட்டால் அங்கே புல்லை விட்டுவிட்டு நாலு கல் பெஞ்சு போடுங்கள். அந்த வேம்பை மட்டும் வெட்டாதீர்கள், ஆச்சி.

கே: அண்ணே, காரைக்குடிக்காரன், இப்போது பிட்ஸ்பர்க்கில் இருக்கிறேன். இங்கே கோல்ஃப் மைதானத்தில் பனிக்காலம் பார்த்து மரம் வெட்டுகிறார்களே, ஏன்?

ப: அப்போது தரை உறைந்து கல்லாகிவிடும், கனமான வண்டி போனாலும் சக்கரம் பதியாது. புல்லும் உறக்கத்தில் இருக்கும், ஆட வருகிறவர்களும் இல்லை. உங்களுக்குப் பக்கத்திலேயே இருக்கும் ஓக்மாண்ட் மைதானத்தில் 1990களில் தொடங்கி ஆயிரக்கணக்கில் மரங்களை எடுத்தார்கள். வெயிலும் காற்றும் புல்லுக்கு வந்து சேர்ந்தன. நம்மூரில் தரை உறையாது, காய்ந்து இறுகும். அதனால் நமக்கு மாசி, பங்குனிதான் தோது. ஐப்பசி மழையில் ஜேசிபியை இறக்கினால் ஈர மண் அமுங்கிப்போய், அந்தத் தடத்தில் அடுத்த வருஷமும் புல் தேறாது.

கே: பள்ளி மைதானத்துச் சீமைக்கருவேலத்தை வெட்ட வெட்டத் துளிர்க்கிறது, ஐயா.

ப: தரைமட்டத்தில் வெட்டினால் துளிர்க்கத்தான் செய்யும். மண்ணுக்குள் இருக்கும் தூரில்தான் அதன் மொட்டு. ஓரடி ஆழம் தோண்டித் தூரோடு எடுங்கள்.

கே: தூர் எடுத்த குழியை மரத்தூளும் மண்ணும் கலந்து மூடினோம். மேலே வைத்த புல் மஞ்சளடிக்கிறது.

ப: மரத்தூள் மக்கும்போது மண்ணில் இருக்கும் தழைச்சத்தை நுண்ணுயிர்கள் எடுத்துக்கொள்ளும். புல்லுக்குப் பட்டினி. தூள் மக்க மக்கக் குழியும் உள்வாங்கும். என் முதல் வேலையில் நானும் இப்படி மூடி, ஒரு மழைக்காலத்துக்குள் முழுக்கத் திரும்பத் தோண்டினேன். தூளை அள்ளி மரத்தடிகளில் மூடாக்காகப் போட்டுவிட்டு, சுற்றியிருக்கும் அதே செம்மண்ணை அரையடி அரையடியாகப் போட்டு, தண்ணீர் விட்டு மிதித்து நிரப்புங்கள்.

கே: கண்மாய் வண்டலைப் புல் மேலே தூவலாமா?

ப: வயலுக்கு அது பொன். புல்தரைக்கு மட்டும் வேண்டாம். நைசான களி மேலே படிந்து ஏடுகட்டினால் தண்ணீர் கீழே இறங்காது. தோட்டவேலை முள்கரண்டியால் தரையைக் குத்தித் துளையிட்டு, சலித்த மணலைக் கால் அங்குலத்துக்கு மேல் போகாமல் தூவி, துடைப்பத்தால் துளைக்குள் தள்ளுங்கள்.

கே: புல்லுக்குள் வரும் கோரைக் களையை எப்படி எடுப்பது?

ப: கையால் இழுத்தால் தாள்தான் வரும், கிழங்கு உள்ளேயே தங்கி மறுபடி முளைக்கும். மழை பெய்த மறுநாள் களைக்கொத்தியால் கிழங்கோடு நெம்பி எடுங்கள்.