பாளை சீவுகிறவர்கள் – கடிதம்

அன்புள்ள ஐயா,

சென்ற மாதம் குடும்பத்தோடு இந்தோனேசியா போய்வந்தோம். பொரொபுதூர் பார்த்துவிட்டு, நண்பர் சொன்னதன்பேரில் மத்திய ஜாவாவின் பன்யுமாஸ் மாவட்டத்தில், ஸ்லாமெட் மலைச்சரிவில் உள்ள ஒரு சின்ன கிராமத்தில் இரண்டு நாள் தங்கினோம். தென்னஞ்சர்க்கரை காய்ச்சும் வீடு. சூடான பாகைச் சிரட்டையில் ஊற்றிக் கொடுத்தார்கள். சமையல்கட்டு மண்தரைதான், வசதி ஒன்றும் இல்லை, ஆனால் எல்லார் முகத்திலும் சிரிப்பு. இரவுக்காவலுக்காக ஒவ்வொரு வீட்டு வாசலிலும் ஒரு கரண்டி அரிசி தொங்கவிடுகிறார்கள். நாம் தொலைத்த கிராமம் அங்கே அப்படியே இருக்கிறது. இயந்திரமும் கம்பெனியும் நுழையாமல் அது அப்படியே இருக்கவேண்டும் என்று தோன்றியது. இதைப் பயணக்கட்டுரையாக எழுத ஆசை. எங்கே தொடங்குவது, எவ்வளவு நீளம் போகலாம்? இன்னொரு சந்தேகம்: நீரிழிவு உள்ளவர்கள் தென்னஞ்சர்க்கரை சாப்பிடலாமா? அம்மாவுக்காகக் கேட்கிறேன்.

எஸ்., பொள்ளாச்சி

*

அன்புள்ள எஸ்.,

அம்மாவின் விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். தென்னஞ்சர்க்கரையின் பெரும்பகுதி சுக்ரோஸ்தான், வெள்ளைச் சர்க்கரையில் இருக்கும் அதே பொருள். அதன் கிளைசெமிக் குறியீடு, அதாவது ரத்தச் சர்க்கரையை எவ்வளவு வேகமாக ஏற்றும் என்கிற அளவு, 35 என்று பிலிப்பைன்ஸில் சிலரை மட்டும் வைத்துச் செய்த ஆய்வு சொன்னதைத்தான் விளம்பரங்கள் இன்றுவரை ஓட்டிக்கொண்டிருக்கின்றன. சிட்னி பல்கலைக்கழகத்தின் அளவீட்டில் அது 54. அம்மாவுக்கு வேண்டாம். வாங்கிவந்த பொட்டலத்தை வீட்டில் மற்றவர்கள் சாப்பிடுங்கள்.

கட்டுரையின் நீளம் உங்கள் விருப்பம். ‘அப்படியே இருக்கவேண்டும்’ என்று எழுதினீர்களே, அதற்காகத்தான் இந்தப் பதில். ‘இயற்கை இனிப்பு’ என்று ஒட்டி விற்கும் பொட்டலங்களைக் கடைகளில் பார்க்கும்போதெல்லாம் கொஞ்ச நாளாகவே எனக்குள் ஓடிக்கொண்டிருக்கும் விஷயத்தை உங்கள் கடிதம் தொட்டுவிட்டது.

உங்களிடம் கோபம் எனக்கு ஒன்றே ஒன்றுதான். தென்னைக்குப் பேர்போன ஊரிலிருந்து போயிருக்கிறீர்கள். கடிதத்தில் பாகு இருக்கிறது, சிரட்டை இருக்கிறது, சிரிப்பு இருக்கிறது. மரம் ஏறியவர் எங்கே? இரண்டு நாளில் நான்கு முறை அவர் உங்கள் தலைக்கு மேலே இருந்திருப்பார். ஒருமுறைகூட அண்ணாந்து பார்க்கவில்லையா?

தென்னம்பாளையைச் சீவிச் சர்க்கரைக்கான சாறு இறக்கும் அவரை அங்கே பெண்டெரெஸ் என்பார்கள். காலையில் ஒரு சுற்று, பிற்பகலில் ஒரு சுற்று. ஒருவர் கையில் 20 முதல் 30 மரம் இருக்கும். 25 மரம், சராசரி 12 மீட்டர் உயரம் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடுங்கள். நாளொன்றுக்கு 50 ஏற்றம், 600 மீட்டர். இடுப்பில் சீவும் கத்தியும் பொங்கோர் என்கிற கலயங்களும் தொங்கும். பொங்கோர் முன்பு மூங்கில் குழாய், இப்போது பல இடங்களில் பிளாஸ்டிக். மரத்தில் காலை வைக்கப் படிப்படியாக வெட்டு போட்டிருப்பார்கள். அந்த வெட்டு நாளாக நாளாகத் தேய்ந்து, உளுத்து, மழைக்காலத்தில் பாசி பிடிக்கும். விழுவது பெரும்பாலும் அப்போதுதான். ஈரத்தில் கால் வழுக்கும், அல்லது உச்சியில் பிடித்த மட்டை காய்ந்த மட்டையாக இருந்து கையோடு வந்துவிடும். முதுகெலும்பு போனால் அந்த வீட்டில் அதன்பிறகு ஏறுவதற்கு ஆள் கிடையாது.

இடுப்புக் கயிறு கட்டலாமே என்று கேட்பீர்கள். கட்டலாம், கருவியும் இருக்கிறது. ஒரு மரத்துக்குக் கயிறு மாட்டி அவிழ்க்க மூன்று நிமிடம் என்றால் 50 ஏற்றத்துக்கு இரண்டரை மணிநேரம் கூடுதல். அந்த இரண்டரை மணிநேரம் அவரிடம் இல்லை. ஏன் இல்லை என்பதை அடுத்துச் சொல்வது புரிந்தால்தான் அந்தக் கிராமம் புரியும். அதனால் கொஞ்சம் நீட்டித்தான் சொல்லப் போகிறேன்.

விரியாத பாளையாகப் பார்த்துத் தேர்ந்து, இறுக்கிக் கட்டி, நாளுக்குக் கொஞ்சமாக வளைத்துக் கீழ்நோக்கிக் கொண்டுவருவார்கள். அவசரப்பட்டால் பாளை முறியும். ஒரு வாரம்போலப் பக்குவப்படுத்தியபின் நுனியை வெட்டினால் சொட்டத் தொடங்கும். பிறகு ஒவ்வொரு முறை ஏறும்போதும் இரண்டு மில்லிமீட்டர் அளவுக்கு மெல்லிசாகச் சீவவேண்டும். தடிமனாகச் சீவினால் பாளை சீக்கிரம் தீர்ந்துபோகும். சீவாமல் விட்டால் வெட்டுவாய் காய்ந்து அடைத்துக்கொள்ளும். நன்றாகப் பார்த்துக்கொண்டால் ஒரு பாளை ஒரு மாதத்துக்குமேல் தரும். காய்ச்சல் என்று மூன்று நாள் படுத்துவிட்டால் 25 மரத்திலும் வாய் அடைத்திருக்கும். எழுந்து வந்து திரும்பச் சீவித் திறக்கவேண்டும், திறக்காதவற்றில் அடுத்த பாளை பக்குவமாகும்வரை காத்திருக்கவேண்டும். மூன்று நாள் காய்ச்சலுக்கு இரண்டு வார வருமானம் போகும். ஆகவே காய்ச்சலோடு ஏறுவார். பெருநாளன்றும் ஏறுவார். மகள் கல்யாணத்தன்று காலையிலும் ஏறிவிட்டு வந்துதான் புதுச்சட்டை போடுவார்.

இறக்கிய பிறகும் ஓய்வு கிடையாது. சாறு கலயத்தில் விழுந்த நிமிடத்திலிருந்தே காற்றிலுள்ள ஈஸ்ட் அதைப் புளிக்கவைக்கும் வேலையைத் தொடங்கிவிடும். அதைத் தடுக்கப் பொங்கோருக்குள் முன்கூட்டியே ஒரு கரண்டி லாரு ஊற்றுவார்கள். சுண்ணாம்பும் மங்குஸ்தான் தோலோ பலாக்கட்டைச் சீவலோ ஊறிய நீர் அது. நம் பனையேறிகள் கலயத்தில் சுண்ணாம்பு தடவுவதும் இதற்காகத்தான். சுண்ணாம்பு குறைந்தால் சுக்ரோஸ் உடைந்துவிடும், பிறகு எத்தனை மணிநேரம் காய்ச்சினாலும் கட்டி பிடிக்காது, களிம்புபோல நிற்கும். கூடினால் கறுத்து, நாக்கில் சுண்ணாம்புக் காரம் ஏறும். மழை பெய்து பொங்கோருக்குள் தண்ணீர் இறங்கினால் கைக்குப் பழகிய சுண்ணாம்புக் கணக்கெல்லாம் தவறிப்போகும். அந்த நாட்களில்தான் சிலர் சோடியம் மெட்டாபைசல்பைட் என்கிற சல்பைட் வகை ரசாயனத்தைப் போடுகிறார்கள். ‘சர்க்கரை மருந்து’ என்ற பெயரில் அங்கே கடையில் கிடைக்கும். போடுகிறவரைத் திட்டுவது சுலபம். ஒருநாள் சாறு முழுக்கக் களிம்பானால் அன்றைக்கு அரிசி கிடையாது என்பதையும் சேர்த்துப் பார்த்துவிட்டுத் திட்டுங்கள்.

இனி அடுப்பு. உங்களுக்குப் பாகு ஊற்றிக் கொடுத்தது வீட்டம்மாவாக இருக்கும், காய்ச்சுவது அநேகமாகப் பெண்கள்தான். வடிகட்டி வாணலியில் ஏற்றி நான்கைந்து மணிநேரம் விறகு தள்ளவேண்டும். நுரை பொங்கும்போது தேங்காய்த் துருவலோ கொஞ்சம் எண்ணெயோ போட்டு அடக்குவார்கள். ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டுப் பார்ப்பார்கள். கரையாமல் கெட்டியாக நின்றால் பதம். இறக்கிக் கிண்டி, நனைத்த மூங்கில் வளையத்திலோ சிரட்டையிலோ ஊற்றுவார்கள். தூளாக வேண்டுமென்றால் இன்னும் வேலை. மணல்போல உதிரும்வரை கிண்டி, சிரட்டையால் தேய்த்து, சலித்து, ஈரம் 3 சதவீதத்துக்குக் கீழே இறங்கும்வரை உலர்த்தவேண்டும். குலா செமுத் என்று நீங்கள் பொட்டலத்தில் வாங்கியது இதுதான். ஆறேழு லிட்டர் சாறுக்கு ஒரு கிலோ. 25 மரத்தில் 30 லிட்டர் இறங்கினால் நான்கைந்து கிலோ. மரம் சொந்தமில்லை என்றால் ‘மாரோ’, பாதி மரக்காரருக்கு. மண்தரையைப் பார்த்த நீங்கள் கூரையையும் பார்த்திருக்கலாம். புகைபோக்கி இல்லாத அடுப்பின் கரி அத்தனை வருடமாக அங்கே படிந்திருக்கும், அதே புகை அந்த அம்மாவின் நெஞ்சிலும் இருக்கிறது.

இப்போது விலை. புளிக்கிற சரக்கைக் கையில் வைத்திருப்பவரால் பேரம் பேசமுடியாது. சாற்றை அன்றே காய்ச்சியாகவேண்டும், காய்ச்சிய கட்டி மழைக்காலத்தில் ஈரம் இழுத்து இளகும், வீட்டில் அரிசியும் தினம் வேண்டும். பெங்கெபுல் என்கிற உள்ளூர் சேகரிப்பாளர் அரிசியும் எண்ணெயும் பள்ளிக்கூடச் செலவுக்குப் பணமும் முன்கூட்டியே கொடுப்பார், சர்க்கரையை அவரிடமே போடவேண்டும். விலை அவர் சொல்வதுதான். அவரை வில்லனாக்கி எழுதிவிடாதீர்கள். நள்ளிரவில் பிரசவ வலி வந்தால் வண்டி கொடுப்பவரும் அவராகவே இருப்பார், அவருக்கு மேலே இன்னொரு வியாபாரி, அதற்கு மேலே கெசாப் மானிஸ் என்கிற இனிப்பு சோயா சாறு செய்யும் ஆலைகள். கட்டிச் சர்க்கரையின் பெரிய வாடிக்கை அந்த ஆலைகள்தான்.

கம்பெனி நுழையக்கூடாது என்கிறீர்கள். எப்போதோ நுழைந்துவிட்டது. ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் போகும் இயற்கைச் சான்றிதழ் பெற்ற சர்க்கரை இந்த மலைச்சரிவுகளிலிருந்தும் போகிறது. அது வந்ததில் நல்லதும் உண்டு: மரம் மரமாகப் பதிவு, அடுக்களைச் சோதனை, சல்பைட்டுக்குத் தடை, கிலோவுக்குக் கொஞ்சம் கூடுதல் விலை. ஆனால் சான்றிதழ் குழுவாக எடுக்கப்படுகிறது, பல இடங்களில் ஏற்றுமதிக்காரர் பெயரில் இருந்துவந்திருக்கிறது. விதி முழுக்கக் கடைப்பிடித்த பெண்டெரெஸ் வேறொருவருக்கு விற்கப் போனால் அவர் சர்க்கரை அந்த நிமிடமே சாதாரணச் சர்க்கரை. சுத்தமாக வைத்திருந்தது அவர், சுத்தத்தின் காகிதம் இன்னொருவரிடம். கூட்டுறவுச் சங்கம் தன் பெயரில் சான்றிதழ் எடுத்த இடங்களில் இது மாறுகிறது. எனக்கு அதில்தான் நம்பிக்கை.

வாசலில் தொங்கிய அரிசிக்கு ஜிம்பித்தான் என்று பெயர். இப்போது பல ஊர்களில் அரிசிக்குப் பதில் சில்லறை ரூபியா. ரோந்து போகிறவர்கள் எடுத்துச் சேர்த்துத் தெருவிளக்குக்கும் சாவு வீட்டுக்கும் செலவழிப்பார்கள். மனதைத் தொடும் வழக்கம்தான், மறுக்கவில்லை. மரத்திலிருந்து விழுந்தவரைத் தூக்கிக்கொண்டு ஓடுவதும் ஒரு வாரம் சோறு போடுவதும் அதே அக்கம்பக்கம்தான். ஏழாவது மாதமும் எழுந்திருக்க முடியாதவருக்கு அந்த ஒரு கரண்டி போதாது. ஏழைகள் ஏழைகளுக்குச் செய்யும் காப்பீட்டைப் பார்த்து நெகிழ்ந்துவிட்டு, முறையான விபத்துக் காப்பீடு தேவையில்லை என்கிற இடத்துக்கு நாம் போய்விடக்கூடாது.

சிரிப்பைப் பற்றியும் சொல்லவேண்டும். விருந்தாளி முன்னால் முகம் சுளிக்காதது ஜாவானியர் வளர்ப்பு. அதை நிறைவு என்று நீங்கள் படித்துக்கொண்டது உங்கள் நல்ல மனசு. ஆனால் அந்த வீட்டுப் பிள்ளைகள் எங்கே என்று கேட்டீர்களா? 1973-இல் தொடங்கிய இன்ப்ரஸ் (அதிபர் ஆணை) திட்டத்தில் ஐந்தாறு வருடங்களில் நாடு முழுக்க 61,000-க்கும் மேற்பட்ட தொடக்கப் பள்ளிகள் கட்டப்பட்டன. அங்கே படித்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்று ஜகார்த்தாவில் வேலையில், பெண்கள் பலர் ஹாங்காங்கிலும் தைவானிலும் வீட்டுவேலையில். தங்களுக்குப் பிறகு பிள்ளை ஏறக்கூடாது என்று நினைப்பவர்களில் முதல் ஆள் அந்தத் தகப்பன்தான். ‘அப்படியே இருக்கவேண்டும்’ என்று நீங்கள் ஆசைப்படும் கிராமத்தில் அடுத்து யார் ஏறுவது? நீங்களும் நானும் போவோமா?

மாறவேண்டியது மரத்தின் உயரம். பன்யுமாஸுக்குப் பக்கத்து மாவட்டமான கெபுமெனில் எந்தோக் என்றொரு குட்டைத் தென்னை இருக்கிறது. குட்டை ரகங்கள் நாலைந்து வருடத்தில் பாளை விடும், பல வருடம் தரையில் நின்றோ சின்ன ஏணி வைத்தோ சீவலாம். பெண்களாலும் முடியும், வயதானவர்களாலும் முடியும். கயிற்றுக்கான அந்த இரண்டரை மணிநேரப் பிரச்சினையே அங்கே இல்லை. பிறகு ஏன் எல்லாரும் நடவில்லை? நெட்டை மரத்தை வெட்டினால் புது மரம் பாளை விடும்வரை வருமானம் கிடையாது, ஆகவே இடையிடையே நட்டுக்கொண்டே வந்து பழையதைக் கழிக்கவேண்டும். நடுவதற்கு மண் வேண்டும். மாரோவில் ஏறுகிறவருக்கு மண் இல்லை. மண் இருக்கிறவர் ஏறுவதில்லை, அவருக்கு உயரம் ஒரு பொருட்டே இல்லை. நாற்றை இலவசமாகக் கொடுக்கும் திட்டங்கள் பல இந்த இடத்தில்தான் இடறுகின்றன. இந்தோனேசியாவின் கிராமங்களுக்கு 2014-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 2015-லிருந்து மத்திய அரசு நிதி வருகிறது. அந்தப் பணத்தில் இன்னொரு சிமெண்டுச் சாலை போடுவதற்குப் பதில் ஊர்ப்பொது நிலத்தில் குட்டைத் தென்னை நட்டு நிலமில்லாத பெண்டெரெஸ்களுக்குக் குத்தகைக்கு விட்டால் என்ன என்பது என் வாதம். கிராமக் கூட்டத்தில் அவர்கள் பேசவேண்டிய விஷயம், நான் இங்கிருந்து ஆசைப்படத்தான் முடியும்.

கட்டுரையை எழுதுங்கள், எழுதவேண்டாம் என்று நான் சொல்லவேயில்லை. தங்கிய வீட்டின் வாட்ஸாப் எண் உங்களிடம் இருக்கும். மொழிபெயர்ப்புச் செயலியை வைத்துக்கொண்டு நாலு கேள்வி கேளுங்கள்: எத்தனை மரம், அதில் எத்தனை சொந்தம், சேகரிப்பாளரிடம் எவ்வளவு பாக்கி, ஒரு கிலோ சர்க்கரை விற்றால் எத்தனை கிலோ அரிசி வரும். காலைச் சுற்று முடிந்து அவர் உட்காரும் நேரமாகப் பார்த்துக் கூப்பிடுங்கள், அங்கே மணி நம்மைவிட ஒன்றரை மணிநேரம் முன்னால். பதில்கள் கிடைத்ததும் எனக்கு அனுப்புங்கள், உட்கார்ந்து பேசுவோம்.