ஆயத்தமாக இருப்பது எப்படி? வாசகர் கேள்வி–பதில்

கேள்வி: கர்த்தராகிய இயேசுவின் இரண்டாம் வருகை இன்ன மாதம், இன்ன தேதி என்று வாட்ஸ்ஆப்பில் ஒரு கணக்கு சுற்றுகிறது. என் தங்கை மகன் அதை நம்பி வேலையை விட்டுவிட்டு முழுநேரமும் ஜெபிக்கப் போகிறேன் என்கிறான். என்ன சொல்லட்டும்?
— வாசகி, நாகர்கோவில்

பதில்: வேலையை விடவேண்டாம் என்று முதலில் சொல்லுங்கள். வசனத்தை அப்புறம் காட்டலாம். அந்த நாளும் நாழிகையும் பிதா ஒருவருக்குத்தான் தெரியும் என்று இயேசுவே சொல்லியிருக்கிறார் (மத்தேயு 24:36). அப்படியிருந்தும் கணக்குப் போடும் ஆசை விடுவதில்லை. அமெரிக்காவில் வில்லியம் மில்லர் என்பவர் தானியேல் 8:14இல் வரும் 2,300 நாட்களை வருஷங்களாக எடுத்துக்கொண்டு கணக்கிட்டார். அவரைப் பின்பற்றியவர்கள் 1844 அக்டோபர் 22 என்று நாளே குறித்தார்கள். விளைந்ததை அறுக்காமல் வயலிலேயே விட்டவர்களும் அவர்களில் உண்டு. அந்த நாளும் வந்துபோனது. தெசலோனிக்கே சபையிலும் இதே கலக்கம் இருந்தது. கர்த்தருடைய நாள் வந்துவிட்டது என்ற பேச்சைக் கேட்டு அசையவேண்டாம் என்று அந்தச் சபைக்கு இரண்டாம் நிருபத்தில் எழுதிய பவுல், அதே நிருபத்தின் மூன்றாம் அதிகாரத்தில், வேலை செய்யாமல் திரிகிறவர்களைக் கடிந்துகொள்கிறார்.

விளக்கோடு மணவாளனுக்குக் காத்திருந்த பத்துக் கன்னிகைகள் உவமையை (மத்தேயு 25) அவனோடு சேர்ந்து வாசியுங்கள். மணவாளன் தாமதித்தபோது பத்துப் பேருமே தூங்கிவிட்டார்கள். புத்தியுள்ளவர்கள் தூங்கியதற்காகக் கண்டிக்கப்படவில்லை. படுக்கும் முன்பே பாத்திரத்தில் எண்ணெய் எடுத்து வைத்திருந்தார்கள், அவ்வளவுதான். தேதி தெரிந்தால் கடைசி வாரம் எண்ணெய் வாங்கிக்கொள்ளலாம் என்ற நினைப்பைத்தான் இந்தக் கணக்குகள் வளர்க்கின்றன.

கேள்வி: ஒவ்வொரு ஜனவரியிலும் வேதத்தை ஆதியாகமத்திலிருந்து தொடங்குகிறேன். பிப்ரவரி தாண்டுவதில்லை. என்ன தவறு?
— வாசகர், தூத்துக்குடி

பதில்: எந்த இடத்தில் நிற்கிறீர்கள் என்று பாருங்கள். வேதத்தில் மொத்தம் 1,189 அதிகாரங்கள். திங்கள் முதல் சனி வரை தினம் மூன்று, ஞாயிறு ஐந்து என்று வாசித்தால் 52 வாரத்தில் முடியும். ஆனால் இந்த வேகத்தில் போகிறவர் ஜனவரி கடைசியில் யாத்திராகமம் 25ஐத் தொடுவார். அங்கிருந்து இஸ்ரவேலர் வனாந்தரத்தில் ஆராதித்த ஆசரிப்புக் கூடாரத்தின் அளவுகள், அதை முடித்ததும் லேவியராகமத்தின் பலிமுறைகள். பெரும்பாலோர் நிற்பது இங்கேதான். இதில் பக்திக் குறைவு ஒன்றுமில்லை, வரிசைதான் கடினம்.

முதல் வருஷம் புதிய ஏற்பாட்டை மட்டும் எடுங்கள். 260 அதிகாரங்கள், வாரத்துக்கு ஐந்து நாள், நாளுக்கு ஒன்று என்றால் வருஷம் சரியாக முடியும். மீதி இரண்டு நாளை விட்டுப்போனதைப் பிடிக்க வைத்துக்கொள்ளுங்கள். ஓர் அதிகாரத்தைச் சத்தமாக வாசிக்கச் சராசரியாக நாலைந்து நிமிடம் போதும். கூடவே நீதிமொழிகளில் தேதிக்கு ஓர் அதிகாரம் வாசிக்கலாம். 31 அதிகாரம் என்பதால் மாதத்தோடு பொருந்திவிடும். சங்கீதம் தினம் ஐந்து வாசித்தால் 30 நாளில் முடியும், ஆனால் 24ஆம் நாள் 176 வசனமுள்ள 119ஆம் சங்கீதம் வரும். அன்றைக்கு அதை மட்டும் வாசித்தால் போதும்.

ஒரு வாரம் விட்டுப்போனால் பாக்கியை எல்லாம் ஒரே ராத்திரியில் தீர்க்கப் பார்க்காதீர்கள். இன்றைய பகுதிக்கு வந்துவிடுங்கள். கடன் மாதிரி சேர்த்துக்கொண்டு போகிறவர்கள்தான் வேதத்தை மூடி வைத்துவிடுகிறார்கள்.

கேள்வி: ஈஸ்டருக்கு முந்தின லெந்து காலத்தில் (தவக்காலத்தில்) 40 நாளும் உபவாசம் இருக்க ஆசை. எனக்குச் சர்க்கரை நோய் உண்டு. இருக்கலாமா?
— வாசகி, திருநெல்வேலி

பதில்: மருத்துவரைக் கேட்காமல் வேண்டாம். இன்சுலின் போடுகிறவர்களும், சர்க்கரையைக் குறைக்கும் சில மாத்திரைகள் எடுக்கிறவர்களும் வேளை தவறினால் லோ சுகர் ஆகலாம். நடுக்கம், வியர்வை, தலைசுற்றல் வந்தாலோ, அளவு 70க்குக் கீழே போனாலோ உடனே இனிப்பு எடுக்கவேண்டும். அதோடு உபவாசம் முடிந்தது. அதைப் பாவமென்று நினைத்துத் தாக்குப்பிடிக்கக் கூடாது. கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் இதே எச்சரிக்கை. உங்களுக்கு உணவைத் தவிர்க்காத வழிகள் உண்டு: அசைவம், இனிப்பு, செல்போன், டிவி சீரியல். கடைசி இரண்டும் பலருக்குச் சாப்பாட்டை விடக் கஷ்டம்!

உடல்நலம் உள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை. தொடங்குவதற்கு நாலைந்து நாள் முன்பே காப்பியைக் குறையுங்கள். முதல் நாள் வரும் தலைவலிக்குப் பெரும்பாலும் பசியல்ல, காப்பி நின்றதுதான் காரணம். தண்ணீர் குடியுங்கள். கஞ்சியில் முடியுங்கள், பிரியாணியில் வேண்டாம். சாம்பல் புதனிலிருந்து ஈஸ்டருக்கு முந்தின சனி வரை 46 நாள் வரும்; உயிர்த்தெழுந்த நாளான ஞாயிறுகள் ஆறையும் கழித்தால்தான் 40. ஏசாயா 58 கேட்பதுபோல, மிச்சமான சாப்பாட்டுக் காசு பசித்தவரிடம் போகவேண்டும். வெறும் வயிற்றோடு வீட்டாரிடம் எரிந்து விழுவதானால் சாப்பிட்டுவிடுவதே மேல்.

கேள்வி: குடும்ப ஜெபத்துக்குப் பிள்ளைகள் வர மறுக்கிறார்கள்.
— வாசகர், வேலூர்

பதில்: நேரத்தைப் பாருங்கள். ஒரு பாட்டு, பத்துப் பன்னிரண்டு வசனம், ஒரு சின்ன ஜெபம் என்று கால்மணி நேரத்தில் முடியுங்கள். வாசிப்பதைப் பிள்ளைகளிடம் விடுங்கள். ஜெபத்துக்குள்ளேயே "ஆண்டவரே, இவன் கணக்கில் தோற்றதை நீர் அறிவீர்" என்று கண்டிக்கும் பழக்கம் இருந்தால் அதை நிறுத்துங்கள்.

கேள்வி: அண்ணனோடு நிலத் தகராறு, கோர்ட்டில் வழக்கு நடக்கிறது. திருவிருந்து எடுக்கலாமா?
— வாசகர், நாசரேத்

பதில்: 1 கொரிந்தியர் 11:28 தன்னைத்தானே சோதித்தறிந்து திருவிருந்தின் அப்பத்தைப் புசிக்கச் சொல்கிறது, விலகி நிற்கச் சொல்லவில்லை. மத்தேயு 5:23-24 காணிக்கைக்கு முன் சகோதரனிடம் போகச் சொல்கிறது. ஆகவே ஞாயிறு காலை வரை காத்திராமல் முந்தின வாரமே அண்ணனைப் பாருங்கள். நீங்கள் பேசிய கடுஞ்சொல்லுக்கு மட்டும் மன்னிப்புக் கேளுங்கள். நிலத்தைப் பற்றி அன்றைக்கு வாய் திறக்காதீர்கள். திறந்தால் பேச்சு மறுபடி பழைய இடத்துக்கே போகும். மன்னிப்புக் கேட்பதால் உங்கள் பங்கு போய்விடாது, வழக்கு அதன்பாட்டுக்கு நடக்கட்டும். அவர் கதவைத் திறக்காவிட்டால் ரோமர் 12:18 உங்களுக்கு உண்டு: கூடுமானால், உங்களாலான மட்டும் எல்லாரோடும் சமாதானமாயிருங்கள். அதன்பின் உங்கள் ஆயரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத் திருவிருந்துக்குப் போங்கள்.