குரல் பின்தங்கினால் பிட்ரேட்டை ஏற்றாதீர்கள்

கேள்வி: ஒரு மணி நேர உரையைக் கைபேசியில் பதிவு செய்தேன். எடிட் செய்து எக்ஸ்போர்ட் செய்தால் போகப் போக உதடு முந்துகிறது. முடிவில் குரல் மூன்று நொடிக்கு மேல் பிந்துகிறது. பிட்ரேட் போதாது என்றார் ஒருவர். 20 மெகாபிட்டுக்கு ஏற்றியும் பலனில்லை. என்ன செய்வது?

பதில்: உங்கள் சிக்கலுக்கும் பிட்ரேட்டுக்கும் சம்பந்தமே இல்லை. ஒரு நொடிப் படத்துக்கு எத்தனை பிட் செலவழிக்கலாம் என்பதுதான் பிட்ரேட். எந்த ஃப்ரேம் (வீடியோவின் ஒரு தனிப் படம்) எந்தக் கணத்தில் திரைக்கு வரவேண்டும் என்பதை அது தொடுவதில்லை. நொடிக்கு 20 மெகாபிட் வீதம் ஒரு மணி நேரம் என்றால் 9 ஜிபி. கோப்பு பெருத்ததுதான் மிச்சம்.

பிசகு முதலிலிருந்து கடைசிவரை ஒரே அளவாக இருந்தால் ஒலித்தடத்தை அந்த அளவு நகர்த்தினால் போதும். உங்களுடையது வளர்கிற பிசகு. கைபேசிகள் பெரும்பாலும் மாறும் ஃப்ரேம் ரேட்டில் பதிகின்றன. வெளிச்சம் குறைந்தால் நொடிக்கு 30 ஃப்ரேம் என்பது சத்தமில்லாமல் இறங்கிவிடும். ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் நேரக்குறி இருப்பதால் பிளேயரில் சரியாகவே ஓடும். அந்தக் குறியை மதிக்காமல் எல்லாம் 30தான் என்று வைத்துக்கொள்ளும் எடிட்டிங் மென்பொருளிடம் போனால்தான் வினை. நொடிக்கு 29.97 ஃப்ரேம் என்பதை 30 என்று எடுத்துக்கொண்டாலே ஒரு மணி நேரத்தில் 3.6 நொடி போய்விடும். இத்தனை கேமரா வித்தை காட்டும் கைபேசி நிறுவனங்கள், ‘ஃப்ரேம் ரேட் மாறாமல் பதி’ என்று ஒரு பொத்தானைக் கண்ணில் படும்படி வைத்தால் என்னவாம்?

கோப்பின் விவரங்களைக் காட்டும் மீடியாஇன்ஃபோ மென்பொருளில் மூலக் கோப்பைத் திறந்து பாருங்கள். ஃப்ரேம் ரேட் மாறுகிறது என்று காட்டினால், எடிட் செய்வதற்கு முன்பே ஹேண்ட்பிரேக் என்ற வீடியோ மாற்றும் மென்பொருளில் கொடுத்து, வீடியோ பகுதியில் 30, நிலையான ஃப்ரேம் ரேட் என்று தேர்ந்தெடுத்து மாற்றுங்கள். இரண்டும் இலவசம். பிட்ரேட் எண் எதுவும் போட வேண்டாம். தர அளவை 20-ஐ ஒட்டி வையுங்கள். எண் குறையக் குறையத் தரம் கூடும், பலர் இதைத் தலைகீழாகப் புரிந்துகொள்கிறார்கள்.

அப்புறம், ‘பிட்ரேட்டை ஏற்றி ஹெச்டி ஆக்கித் தருகிறோம்’ என்று காசு கேட்பவர்களிடம் சிக்காதீர்கள். சுருக்கும்போது தூக்கியெறியப்பட்ட விவரம் பிட்டைக் கூட்டினால் திரும்பி வராது. அவர்கள் தருவது அதே படம், பெரிய கோப்பு. கோப்பின் அளவைக் காட்டித்தான் நம்பவைப்பார்கள். மெசேஜ் ஆப் வழியாக வந்த பிரதியும் வேண்டாம். அது ஏற்கெனவே ஒருமுறை நசுங்கியது.

பிட்ரேட்டைக் கட்டிப்போட வேண்டிய இடம் ஒன்று உண்டு: நேரலை. அங்கே இணைப்பு எவ்வளவு தாங்குமோ அவ்வளவுதான் அனுப்ப முடியும். தரத்தை மட்டும் பார்த்துச் சுருக்கினால், பேசுபவர் சும்மா நிற்கும்போது பிட் குறையும். கூட்டம் எழுந்து கைதட்டினால் எகிறும், இணைப்பு திணறிப் படம் நின்றுவிடும். அதனால்தான் அங்கே நிலையான பிட்ரேட், அதுவும் அப்லோட் வேகத்தைவிடக் கணிசமாகக் குறைவாக. கீஃப்ரேமும் (மற்ற ஃப்ரேம்களைச் சாராத முழுப் படம்) 2 நொடிக்கு ஒன்று வைப்பது வழக்கம். நடுவில் வந்து சேரும் பார்வையாளருக்குக் கீஃப்ரேமிலிருந்துதான் படம் தொடங்கும். 10 நொடிக்கு ஒன்று வைத்தால் அவர் அதுவரை காத்திருக்க வேண்டியதுதான். ஆனால் நேரலைக்கு எழுதிய இந்த அமைப்பை அப்படியே கோப்புக்கும் போடச் சொல்லும் வழிகாட்டிகள்தான் எங்கும் கிடக்கின்றன. உங்களுக்கு ஆலோசனை சொன்னவரும் அதைத்தான் படித்திருப்பார். நீங்கள் செய்வது நேரலை இல்லை.

மாற்றிய கோப்பின் கடைசி ஐந்து நிமிடத்தை ஓட்டிப் பார்த்த பிறகே எடிட்டிங்கைத் தொடங்குங்கள். அதுவரை கைபேசியில் உள்ள மூலத்தை அழிக்க வேண்டாம்.