வருவதும் போவதும் ஒரே சொல்லா?

அன்புள்ள ஐயா,

ஸ்பானிஷ் படித்துக்கொண்டிருக்கிறேன். அலுவலகத்தில் எங்கள் குழுவில் ஒரு ருமேனியப் பெண் இருக்கிறார். ஸ்பானிஷில் ‘வந்து சேர்’ என்பதற்கு யேகார் என்பார்கள். அதே சொல்தான் எங்கள் மொழியில் ப்ளேகா, ஆனால் அதற்குக் ‘கிளம்பு’ என்று பொருள் என்றார் அவர். காதில் விழும்போது இரண்டும் ஒரே சொல் மாதிரியே இல்லை. அப்படியே ஒன்றுதான் என்றாலும், லத்தீனில் அதற்குப் ‘பயணம் செய்’ என்பதுபோல் பொதுவாக ஒரு பொருள் இருந்து, ஒருவர் பயணத்தின் தொடக்கத்தையும் மற்றவர் முடிவையும் எடுத்துக்கொண்டார்கள் என்று வைத்துக்கொள்ளலாமா?

கே.

*

அன்புள்ள கே.,

அப்படி வைத்துக்கொள்ள முடியாது. மூலச்சொல்லான லத்தீன் ப்ளிகாரேவுக்கும் பயணத்துக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. அதற்கு ‘மடி’ என்று பொருள், துணியை மடிப்பது போல. பிரெஞ்சின் ப்ளியேவும் இத்தாலியனின் பியெகாரேவும் இன்றைக்கும் மடித்துக்கொண்டுதான் இருக்கின்றன.

ஒலியைப் பற்றிய சந்தேகத்துக்கு உங்கள் சட்டைப்பையிலேயே சான்று இருக்கிறது. சாவி என்ற சொல் நமக்குப் போர்த்துகீசியர் கொடுத்தது, லத்தீனில் அது க்ளாவிஸ். சொல்லின் தொடக்கத்தில் வரும் க்ள, ப்ள இரண்டும் போர்த்துகீசியத்தில் ச (இப்போது ஷ) ஆகிவிடும், ஸ்பானிஷில் ய ஆகிவிடும், இத்தாலியனில் ளகரம் இகரமாகக் கரையும், பிரெஞ்சில் அப்படியே நிற்கும். அதனால்தான் சாவி ஸ்பானிஷில் யாவே, இத்தாலியனில் கியாவே, பிரெஞ்சில் க்ளே. மழைக்கான ப்ளூவியாவும் அதே வழியில் போய் ஸ்பானிஷில் யூவியா, போர்த்துகீசியத்தில் ஷூவா ஆனது. ப்ளிகாரே யேகார் ஆனதும் இதே கணக்குதான், போர்த்துகீசியத்தில் அது ஷெகார். ருமேனியன் இந்த இடத்தில் ப்ள-வைத் தொடவே இல்லை.

பொருள் எப்படி மாறியது என்பதற்கு இணையத்தில் ஒரு அழகான கதை சுற்றுகிறது: ஸ்பெயினுக்குக் கப்பலில் வந்தவர்கள் பாயை மடித்தால் கரை வந்துவிட்டது என்று அர்த்தம், ருமேனியாவில் ரோமானியப் படைவீரர்கள் கூடாரத்தை மடித்தால் கிளம்புகிறார்கள் என்று அர்த்தம். இவ்வளவு கச்சிதமாக இரண்டு பக்கமும் பொருந்துகிற கதை என்றாலே எனக்குச் சந்தேகம் வரும். கப்பல் என்பது சரி, பாய் தேவையில்லை. ப்ளிகாரேவிலிருந்து பிறந்த அப்ளிகாரே என்றால் லத்தீனில் ஒன்றை இன்னொன்றோடு ஒட்டி வைப்பது, கப்பலைக் கரையோடு ஒட்டிக் கொண்டுவருவதற்கும் அதையே சொல்வார்கள். நாளாக ஆகக் கப்பல் என்ற சொல் வாக்கியத்திலிருந்து கழன்றுகொள்ள, வினை மட்டும் தனியாக நின்றுவிட்டது. நம்மூரில் ‘சாயங்காலமானால் போடுவார்’ என்றால் எதை என்று யாரும் கேட்பதில்லையே, அப்படித்தான். ‘வந்து சேர்’ என்பதற்குப் பிரெஞ்சுக்காரர் சொல்லும் அரிவே கூட ‘கரையை அடை’ என்பதிலிருந்து வந்ததுதான், லத்தீனில் ரீபா என்றால் கரை.

இதில் எனக்கு மிகவும் பிடித்த சாட்சி எகேரியா என்ற பெண். 4ஆம் நூற்றாண்டின் இறுதியில் எருசலேமுக்கும் சினாய் மலைக்கும் யாத்திரை போய், பார்த்ததையெல்லாம் ஊரில் இருந்த பெண்களுக்குக் கடிதமாக எழுதினார், அதன் பிரதி 1884இல் இத்தாலியின் அரெட்ஸோவில் கிடைத்தது. பண்டிதர் லத்தீன் இல்லை, பேச்சு வாடை அடிக்கும் லத்தீன். தரைவழியாகப் போய்க்கொண்டே ஓர் ஊரை நெருங்குவதற்கு அவர் ப்ளிகாரே என்று எழுதுகிறார். அதாவது அவர் காலத்திலேயே அந்தச் சொல் கப்பலிலிருந்து இறங்கி நடக்க ஆரம்பித்துவிட்டது. அவர் ஸ்பெயினின் வடமேற்கைச் சேர்ந்தவர் என்று பலர் கருதுகிறார்கள், யேகார் புழங்கும் பகுதிதான் அது.

ருமேனியப் பக்கத்துக் கூடாரத்தை அவ்வளவு உறுதியாகச் சொல்ல மாட்டேன், ஊகம்தான். ஆனால் வளைப்பது என்ற பொருள் அந்த மொழியில் இன்னும் உயிரோடு இருக்கிறது, தலையைக் குனிவதற்கும் இதே ப்ளேகாதான். உங்கள் சக ஊழியரையே கேட்டுப் பாருங்கள்.

அப்புறம், ஸ்பானிஷை வைத்துக்கொண்டு இத்தாலிக்குப் போனால் பேருந்தில் கவனமாக இருங்கள். லத்தீனில் ‘குதி’ என்று பொருள்பட்ட ஸலீரே, ருமேனியனில் இன்னும் குதிக்கிறது, ஸ்பானிஷில் வெளியே போகிறது, இத்தாலியனில் மேலே ஏறுகிறது. கதவில் ஸலீதா என்று எழுதியிருப்பதைப் பார்த்து, ஸ்பானிஷ் ஸலீதாவை நினைத்து இறங்கப் போனால், எதிரே ஏறுகிற கூட்டத்தில் மாட்டிக்கொள்வீர்கள்.