மூட்டு மாற்றிய காலில் கசிவா? மாத்திரையைத் தொடுவதற்கு முன்

கேள்வி: என் அம்மாவுக்கு 67 வயது. நீண்ட நாளாகச் சர்க்கரை நோய் இருக்கிறது, இதயத்துக்கு பேஸ்மேக்கரும் வைத்திருக்கிறார். அடுத்த மாதம் முழங்கால் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை. உறவினர் ஒருவருக்கு இதே சிகிச்சைக்குப் பிறகு சீழ் பிடித்து, பொருத்திய மூட்டையே கழற்ற வேண்டியதாகிவிட்டது. அதைக் கேட்டதிலிருந்து அம்மா பயப்படுகிறார். தொற்று வராமல் இருக்க நாங்கள் என்ன செய்யலாம்? பிறகு பல் பிடுங்க நேர்ந்தால் ஆன்டிபயாடிக் போட வேண்டுமா?

பதில்: அம்மாவின் பயம் நியாயமானதுதான். ஆனால் முழங்கால் மாற்றிக்கொள்பவர்களில் நூற்றுக்கு ஒருவர், இருவருக்குத்தான் உள்ளே தொற்று வருகிறது என்பதையும் அவரிடம் சொல்லுங்கள். சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர்கள், புகைபிடிப்பவர்கள், உடல் பருமன் மிக அதிகம் உள்ளவர்கள் ஆகியோருக்கு இந்த ஆபத்து கூடும். அதில் ஒரு பகுதியைக் குறைப்பது உங்கள் கையில் இருக்கிறது.

உடம்புக்குள் ஒரு வெளிப்பொருள் இருந்தாலே கிருமிக்குக் கொண்டாட்டம். 1957இல் எலெக், கோனென் என்ற இரு ஆய்வாளர்கள் தன்னார்வலர்களின் தோலில் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். வெறும் தோலில் சீழ் பிடிக்கப் பத்து லட்சக்கணக்கில் ஸ்டெஃபைலோகாக்கஸ் கிருமிகள் தேவைப்பட்டன. அதே இடத்தில் ஒரு பட்டுத் தையல் நூல் இருந்தபோது சில நூறு கிருமிகளே போதுமானதாக இருந்தன. ஒரு நூலுக்கே இப்படி என்றால், ஒரு முழு மூட்டைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

உலோகத்தில் ஒட்டிக்கொண்ட கிருமிகள் சும்மா இருப்பதில்லை. தங்களைச் சுற்றிப் பிசின்போல ஒரு படலம் கட்டிக்கொள்கின்றன. பயோஃபிலிம் என்பது அதுதான். பாசி பிடித்த கல்லில் தண்ணீர் ஊற்றினால் பாசி போகாது, தேய்த்தால்தான் போகும். இதுவும் அப்படித்தான், ஆன்டிபயாடிக் மட்டும் கொடுத்து அழிப்பது மிகக் கடினம். ஆனால் இந்தப் படலம் கண்ணுக்குத் தெரியவே தெரியாது. தொற்று வந்து கழற்றிய மூட்டைக் கையில் வாங்கிப் பார்த்தாலும் பெரும்பாலும் பளபளப்பாகவே இருக்கும். ஆய்வகத்தில் அதைத் திரவத்தில் போட்டு ஒலி அலைகளால் அதிரவைத்தால் கிருமிகள் உதிர்ந்து வரும்.

அதனால்தான் நான் எல்லோரிடமும் முதலில் கெஞ்சிக் கேட்டுக்கொள்வது இது: மூட்டு மாற்றிய காலில் வீக்கமோ கசிவோ வந்தால், நீங்களாக ஆன்டிபயாடிக் மாத்திரை வாங்கிப் போடாதீர்கள். வேறு யாராவது எழுதிக் கொடுத்தாலும், அறுவை செய்த மருத்துவரிடம் காட்டுவதற்கு முன் போட வேண்டாம். நான்கு நாளில் சிவப்பு குறையும், காய்ச்சல் இறங்கும், சரியாகிவிட்டது என்று நினைப்பீர்கள். உள்ளே படலம் அப்படியே வளர்ந்துகொண்டிருக்கும். அப்புறம் ஊசியால் மூட்டு நீரை எடுத்துச் சோதித்தாலும், மாத்திரையின் விளைவால் எந்தக் கிருமி என்று தெரியாமல் போகலாம். இழந்த அந்த நாட்களின் விலை மிக அதிகம். ஆரம்ப வாரங்களிலேயே வந்துவிட்டால் பல நேரங்களில் உள்ளே கழுவி, நடுவிலுள்ள பிளாஸ்டிக் தட்டை மட்டும் மாற்றி, மூட்டைக் காப்பாற்ற முடிகிறது. தாமதமானால் மூட்டைக் கழற்றி, மருந்து கலந்த சிமென்ட் கட்டையைத் தற்காலிகமாக வைத்து, பல வாரம் மருந்து கொடுத்து, பிறகு இன்னொரு அறுவை செய்ய வேண்டிவரும். உங்கள் உறவினருக்கு நடந்தது அநேகமாக இதுவாகத்தான் இருக்கும்.

தையல் போட்ட இடம் மூன்று நாளைக்கு மேல் கட்டுத்துணியை நனைத்துக்கொண்டே இருந்தால் காத்திருக்காமல் காட்டிவிடுங்கள். வலி குறைந்து, பிறகு மறுபடி கூடினாலும் அப்படியே.

சரி, அறுவைக்கு முன் என்ன செய்வது? முதலில் சர்க்கரை. எச்பிஏ1சி (கடந்த இரண்டு, மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) 7.5, 8க்கு மேல் இருந்தால் பல மருத்துவர்கள் தேதியைத் தள்ளிப்போடுவார்கள். அதற்காக வருத்தப்படாதீர்கள், அது நல்ல மருத்துவரின் அடையாளம். அந்த முழங்காலில் சமீபத்தில் ஸ்டீராய்டு ஊசி போட்டிருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள், மூன்று மாதமாவது இடைவெளி வேண்டும். ஆடும் பல், சொத்தைப் பல் இருந்தால் இப்போதே பார்த்துவிடுங்கள். முந்தின நாளும் அன்று காலையும் சோப்புப் போட்டுக் குளிக்கட்டும். வீட்டில் ரேஸரால் கால் முடியை மழிக்கவே கூடாது, பிளேடு விடும் சின்னச் சின்னக் கீறல்களில்தான் கிருமி குடியேறும். முடி எடுக்க வேண்டுமென்றால் மருத்துவமனையில் கிளிப்பரால் எடுப்பார்கள். மூக்கில் ஸ்டெஃபைலோகாக்கஸ் இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் களிம்பு தருவதும் உண்டு, கேளுங்கள். கத்தி வைப்பதற்கு முந்தைய ஒரு மணி நேரத்துக்குள் பொதுவாக ஆன்டிபயாடிக் ஊசி போடுவார்கள். அம்மாவுக்கு மருந்து ஒவ்வாமை உண்டா என்பதை அதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்.

பல் விஷயம்: செயற்கை மூட்டுக்காகவோ பேஸ்மேக்கருக்காகவோ மட்டும், ஒவ்வொரு பல் சிகிச்சைக்கும் முன் ஆன்டிபயாடிக் போடுவது பெரும்பாலானவர்களுக்குத் தேவையில்லை. செயற்கை இதய வால்வு வைத்தவர்கள் போன்ற சிலருக்குத்தான் அது பரிந்துரைக்கப்படுகிறது. இரண்டையும் குழப்பிக்கொண்டு வருடக்கணக்கில் மாத்திரை போடுபவர்களை நிறையப் பார்க்கிறேன்.

பேஸ்மேக்கர் இருப்பதை மூட்டு மருத்துவரிடம் முதல் நாளே சொல்லி, இதய மருத்துவரிடம் கருவியைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். ரத்தத்தில் கிருமி ஏறினால் மூட்டிலும் தங்கலாம், பேஸ்மேக்கர் கம்பியிலும் தங்கலாம். கருவி இருக்கும் இடத்தில் தோல் சிவந்தாலோ, மெலிந்து கருவியின் விளிம்பு துருத்தினாலோ உடனே காட்டுங்கள். அங்கே வீக்கம் இருக்கிறதென்று யாரையும் ஊசி குத்தி நீர் எடுக்க விடாதீர்கள், அந்த ஊசியே கிருமியை உள்ளே கொண்டுபோய்விடும்.

ரத்தத்தில் கிருமி ஏறும் வழி பல சமயம் பாதம்தான். சர்க்கரை உள்ளவர்களுக்கு அங்கே உணர்ச்சி குறைவு, புண் வந்தாலே தெரியாது. மூட்டு மாற்றிப் பத்து வருடம் கழித்துக்கூட ஒரு விரல் இடுக்குப் புண்ணிலிருந்து முழங்காலுக்குத் தொற்று போகலாம். அம்மாவால் குனிந்து பார்க்க முடியாது. இன்று இரவே நீங்கள் விளக்கைப் பிடித்து அவருடைய விரல் இடுக்குகளையும் குதிகாலையும் பாருங்கள். வெடிப்போ கொப்புளமோ இருந்தால், அறுவைக்கு முன் அது ஆற வேண்டும்.