பாசன மோட்டாருக்கு ஆகும் மின்செலவை மென்பொருளில் கணக்கிட்டால் நம்பலாமா? எதைப் பயன்படுத்தலாம்?

ஒரே கிணறு, ஒரே மெயின் பைப் என்றால் எக்செல் போதும். ஒரு கன மீட்டர் நீருக்கு ஆகும் யூனிட் = மொத்த ஹெட் (மீட்டரில்) ÷ (367 × திறன்). ஹெட் என்பது நீரை ஏற்றும் உயரம், பைப்பின் உராய்வு இழப்பு, தேவைப்படும் அழுத்தம் எல்லாம் சேர்ந்தது. திறன் என்பது இழுக்கும் மின்சாரத்தில் நீரை ஏற்றும் வேலையாக மாறும் பங்கு; 45% என்றால் 0.45. கிளை பைப், வால்வு என்று விரிந்தால் பைப் வலையில் நீரோட்டத்தைக் கணக்கிடும் ஈபாநெட் (EPANET) மென்பொருள் இருக்கிறது, இலவசம்.

பலரும் கோட்டை விடுவது ஹெட்டில். மோட்டார் ஓடாதபோது இருக்கும் நீர்மட்டம் உதவாது. ஓடி, மட்டம் இறங்கி நிலைத்த பிறகு அளந்ததே கணக்கு. அது 38 மீட்டர், உராய்வு இழப்பு 7, சொட்டுநீருக்கு 1.5 பார் அழுத்தம் என்றால் இன்னொரு 15. ஆக 60 மீட்டர். பம்பும் மோட்டாரும் சேர்ந்த திறன் 45% என்றால் கன மீட்டருக்கு 0.36 யூனிட். ஓர் ஏக்கருக்கு 25 மி.மீ. பாய்ச்ச சுமார் 101 கன மீட்டர் வேண்டும். ஏறக்குறைய 37 யூனிட்.

ஈபாநெட்டில் ஒரு வம்பு உண்டு. திறன் 75% என்று அதுவாகவே போட்டு வைத்திருக்கும். மாற்றாமல் விட்டால் இதே கணக்கு 0.22 யூனிட் என்று வரும்; செலவில் ஐந்தில் இரண்டு பங்கு மாயம்! யூனிட் விலையும் பூஜ்யமாக இருக்கும். ஓட்ட அலகு அமெரிக்க கேலனில் நிற்கும். அதை முதலிலேயே லிட்டருக்கு மாற்றிவிடுங்கள், பிறகு மாற்றினால் ஏற்கெனவே கொடுத்த பைப் அளவுகள் தானாக மாறாது.

உங்கள் பம்பின் உண்மையான திறனை அளந்தே தெரிந்துகொள்ளலாம். திறந்த வாயில் டிரம் பிடித்தால் ஹெட் குறைந்து கணக்கு கெடும். அதனால் பம்ப் வாயிலில் உள்ள பிரஷர் கேஜ் வழக்கமான அழுத்தத்தைக் காட்டும்வரை வால்வை நெரித்துவிட்டுப் பிடியுங்கள். 200 லிட்டர் டிரம் 50 நொடியில் நிறைந்தால் மணிக்கு 14.4 கன மீட்டர். அதே நிலையில் மின்மீட்டர் அரை மணியில் 3.25 யூனிட் ஏறினால் 6.5 கிலோவாட். 14.4 × 60 ÷ (367 × 6.5) = 0.36. அதாவது 36% தான். மோட்டார் தகட்டில் உள்ள ஹெச்.பி.யை மணியால் பெருக்கும் செயலிகளுக்கு இதெல்லாம் தெரியாது.

இந்த எண்களைப் போட்ட பிறகுதான் மென்பொருளுக்கு வேலை. 63 மி.மீ. பைப்பை 75 ஆக்கினால், அதே ஓட்டத்துக்கு உராய்வு 7 மீட்டரிலிருந்து 3 ஆகும்; மிச்சம் 6-7 சதவீதம். திறனை 36-லிருந்து 45-க்கு ஏற்றினால் ஐந்தில் ஒரு பங்கு மிச்சம். ஆகவே பைப்புக்குச் செலவழிக்கும் முன் இம்பெல்லரை (பம்புக்குள் சுழன்று நீரைத் தள்ளும் சக்கரத்தை) கழற்றிப் பாருங்கள்.